தராசு காட்டாத எடை



ஆண்டு மலர் என்றாலே கவிதை, ஜோக்ஸ், இண்டஸ்ட்ரியல் விசிட் போன கதை, வேலைவாய்ப்பு டிப்ஸ் இவைதான் நினைவுக்கு வரும். நான் இந்தத் தடவை ஒரு பாடம் எழுதுகிறேன். நம்ம சிலபஸில் இல்லாத பாடம். மற்ற பாடத்தில் அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம். இதில் அந்த வசதி கிடையாது.

பாடத்தின் பெயர்: வலி மாத்திரை போதை. "நமக்கு எதுக்குடா இது, நாம என்ன அந்த மாதிரி பசங்களா?" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நீங்கள் எடுக்காதவராகவே இருக்கலாம். உங்க ரூம்மேட், உங்க அண்ணன், பஸ்ஸில் கூட வருகிற நண்பன் யாராவது ஒருவர் உங்கள் கண்ணெதிரில் மூச்சு நின்று போகிற நிலைக்கு வரலாம். அந்த ஐந்து நிமிடத்தில் உங்களுக்கு என்ன தெரியும் என்பதுதான் கேள்வி.

அலகு 1: ஒரு மருந்தின் கதை

ஓபியம் என்கிற அபினிலிருந்து மார்ஃபின் வந்தது. மார்ஃபினுக்கு மேலே ஒரு வலி நிவாரணி வேண்டும் என்று பெல்ஜியம் நாட்டு விஞ்ஞானி பால் ஜான்சன் 1960-ல் ஆய்வகத்தில் தயாரித்ததுதான் ஃபென்டனில். மார்ஃபினைவிட சுமார் 100 மடங்கு வீரியம் உள்ளது. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க டாக்டர்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள். புற்றுநோய் முற்றியவர்களுக்குத் தோலில் ஒட்டும் பட்டையாகவும் கொடுக்கிறார்கள். நம் நாட்டிலேயே 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, நோயாளிகளுக்குத் தட்டுப்பாடு வரக்கூடாது என்று தனியாக வகைப்படுத்திய மருந்துகளில் ஃபென்டனிலும் ஒன்று.

ஆகவே மருந்து குற்றவாளி அல்ல. டாக்டர் அதை மைக்ரோகிராம் கணக்கில் அளந்து கொடுக்கிறார். பக்கத்தில் மானிட்டர், ஆக்சிஜன், மூச்சைப் பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் இருக்கும். இவை எதுவும் இல்லாமல் அதே பொருள் தெருவுக்கு வரும்போதுதான் எமனாகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழக்கமில்லாத ஒருவரைக் கொல்ல 2 மில்லிகிராம் ஃபென்டனில் போதும் என்கிறார்கள். பொடி உப்பில் பத்துப் பதினைந்து துகள், அவ்வளவுதான். நகைக்கடையில் சொல்லும் ஒரு குந்துமணி எடை சுமார் 120 மில்லிகிராம். அதாவது ஒரு குந்துமணியில் 60 உயிர். ஒரு கிலோவில் 5 லட்சம் உயிர்.

முதலாம் ஆண்டு பிசிக்ஸ் லேபில் முதல் நாள் என்ன கற்றுக்கொண்டோம்? லீஸ்ட் கவுண்ட். ஒரு கருவியின் மீச்சிற்றளவைக்குக் கீழே உள்ளதை அந்தக் கருவியால் அளக்க முடியாது. 0.01 கிராம் காட்டுகிற டிஜிட்டல் தராசில் 2 மில்லிகிராம் வைத்தால் பூஜ்யம்தான் காட்டும். தராசுக்கே தெரியாத எடையை, இருட்டு ரூமில் உட்கார்ந்து கலக்குகிறவன் கண்ணால் அளக்கிறான்.

அலகு 2: கலவை

சரி, எடையைக்கூட ஒருத்தன் சரியாகப் போட்டுவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். கலக்க வேண்டுமே!

நம்ம ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்து டேனரிகளில் குரோம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தோலைப் பெரிய டிரம்மில் போட்டு மணிக்கணக்கில் சுற்றவிடுவார்கள். அப்படியும் மேஸ்திரி நம்ப மாட்டார். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, நடுப்பகுதி வரை மருந்து இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். சிவில் நண்பர்களைக் கேளுங்கள், கலவை சரியாகச் சுற்றாத கான்கிரீட்டில் ஒரு பக்கம் சிமெண்ட், ஒரு பக்கம் வெறும் ஜல்லிதான் நிற்கும். ஒரு தோலுக்கும் ஒரு தளத்துக்கும் இவ்வளவு சோதனை இருக்கிறது.

கள்ள மாத்திரை செய்கிறவனிடம் எந்தச் சோதனையும் கிடையாது. வெண்பொங்கலில் மிளகு விழுகிற மாதிரிதான் அவன் கலவை. ஒரு வாயில் ஒன்றுகூட இருக்காது, அடுத்த வாயில் நாலு சேர்ந்து வரும். பொங்கலில் நாலு மிளகு வந்தால் தண்ணீர் குடிக்கலாம். மாத்திரையில் வந்தால்? "நேத்து அவன் இதே அட்டையிலதான் போட்டான், ஒண்ணும் ஆகல" என்று சொல்வது அதனால்தான் அர்த்தமில்லாத பேச்சு. அட்டை ஒன்று, மாத்திரைகள் வேறு வேறு.

உலகப் புகழ் பெற்ற அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 2016 ஏப்ரல் 21 அன்று இறந்தார். சாதாரண வலி மாத்திரை போலவே அச்சடித்த போலி மாத்திரை. உள்ளே இருந்தது ஃபென்டனில். அவருக்கே அது தெரிந்திருக்காது என்றுதான் விசாரணை அதிகாரிகள் சொன்னார்கள். பணமும் டாக்டர்களும் நிறைந்த வீட்டிலேயே அந்த நிலை. அமெரிக்காவில் 2022-ல் மட்டும் போதை மருந்து அளவு மீறி இறந்தவர்கள் சுமார் 1,08,000 பேர். அதில் ஏறக்குறைய 74,000 பேர் ஃபென்டனில் வகையால் இறந்தவர்கள்.

அலகு 3: இது அமெரிக்கக் கதை மட்டுமா?

2018 செப்டம்பரில் மத்தியப் பிரதேசம் இந்தூரில் ஒரு கள்ள லேபில் வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகள் சுமார் 9 கிலோ ஃபென்டனில் பிடித்தார்கள். மேலே போட்ட கணக்கின்படி 45 லட்சம் பேருக்குப் போதுமான அளவு. பிடிபட்டவர்களில் ஒருவர் டாக்டர் பட்டம் வாங்கிய கெமிஸ்ட். படித்த படிப்பு எங்கே போய் நின்றது பாருங்கள்!

ஆனால் நம்ம பக்கத்து ஆபத்துக்கு ஃபென்டனில் என்ற பெயரே தேவையில்லை. அதே ஓபியாய்டு குடும்பத்தைச் சேர்ந்த வலி மாத்திரைகள் இருக்கின்றன. டிரமடால் 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அதன் பிறகு டேபென்டடால் என்ற பெயர் அதிகமாக அடிபட ஆரம்பித்தது. சென்னை முதல் மதுரை வரை, டாக்டர் சீட்டு இல்லாமல் இதை மொத்தமாக வாங்கி இளைஞர்களுக்கு விற்றவர்களைப் போலீஸ் பிடித்த செய்திகளை நாமே பேப்பரில் படித்திருக்கிறோம். 2019-ல் மத்திய அரசும் டெல்லி எய்ம்ஸும் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி ஓபியாய்டு வகைகளைப் பயன்படுத்தும் இந்தியர்கள் சுமார் 2.26 கோடி. ஊசியில் போதை ஏற்றுகிறவர்கள் சுமார் 8.5 லட்சம்.

நம்ம பெல்ட்டில் இது நுழைகிற வாசல் எது தெரியுமா? வலி. ஷூ கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்றபடி வேலை. தறியில் உட்கார்ந்தவருக்கு இடுப்பு, பீடி சுற்றுகிறவருக்குக் கழுத்து. வலிக்கு ஒரு மாத்திரை என்பது இங்கே தப்பான காரியம் இல்லை, பிழைப்பு. அந்த வாசல் வழியாகத்தான் "இதைவிட ஸ்ட்ராங்கா ஒண்ணு இருக்கு" என்கிற நண்பன் உள்ளே வருகிறான்.

விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மருந்து மட்டும் இருக்காது. வடிவம் நிற்பதற்காக ஸ்டார்ச், டால்க் மாதிரி பொருட்கள் சேர்ந்திருக்கும். அது ரத்தத்தில் கரையாது. ஊசியில் ஏற்றினால் நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். கை நரம்பு அழுகும். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிப் போட்டால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை கிருமிகள் நாலு பேருக்கும் பங்கு.

இதைப் படிக்கும்போது 2024 ஜூன் மாதத்துக் கள்ளக்குறிச்சி நினைவுக்கு வரும். கருணாபுரத்தில் பாக்கெட் சாராயத்தில் மெத்தனால் கலந்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் வேறு, ஓபியாய்டு வேறு. ஆனால் இரண்டிலும் ஒரே கேள்விதான்: உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது? விற்றவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது.

அலகு 4: டாலரன்ஸ் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம்

வொர்க்‌ஷாப்பில் டாலரன்ஸ் என்றால் அனுமதிக்கப்பட்ட பிழை. 25 மில்லிமீட்டர் ஷாஃப்டில் 0.02 கூடலாம், குறையலாம். மருத்துவத்தில் அதே சொல்லுக்கு அர்த்தம் வேறு. உடம்பு ஒரு மருந்துக்குப் பழகிப் போவது. முதல் வாரம் ஒரு மாத்திரை செய்த வேலையைச் செய்ய அடுத்த மாதம் மூன்று வேண்டும்.

இங்கே கவனமாகப் படியுங்கள். மூளையின் அடித்தண்டில் மூச்சை நடத்துகிற பகுதி ஒன்று இருக்கிறது. தூங்கும்போதும் நாம் நினைக்காமலேயே மூச்சு ஓடுவது அதனால்தான். ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் "மூச்சு விடு" என்று அது கட்டளை போடும். ஓபியாய்டு அந்தப் பகுதியை மந்தமாக்கிவிடுகிறது. கட்டளை குறைகிறது, மூச்சு குறைகிறது, ஆள் தூங்குகிறார் என்று பார்ப்பவர் நினைக்கிறார். கூடவே மது அல்லது தூக்க மாத்திரை சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

பழக்கத்தை விட்டவருக்கு இந்த டாலரன்ஸ் சில வாரங்களிலேயே இறங்கிவிடும். மனசு மட்டும் பழைய அளவை ஞாபகம் வைத்திருக்கும். விட்டவர் ஒருநாள் மறுபடி பழைய அளவையே எடுத்தால், அது புதிய ஆளுக்குப் பெரிய அளவு கொடுத்த மாதிரி.

எங்கள் பெரியம்மா மகன் இறந்தது இப்படித்தான். அண்ணனுக்கு 24 வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஷூ கம்பெனி ஒன்றில் லாஸ்டிங் மிஷினில் நின்றவர். எனக்கு டிராயிங் போர்டும் மினி டிராஃப்டரும் வாங்கிக் கொடுத்தவர். இடுப்பு வலிக்கு மாத்திரை, பிறகு வேறு மாத்திரை, பிறகு ஊசி. வீட்டுக்குத் தெரிந்ததும் பெரியப்பா சண்டை போட்டார், பெரியம்மா அழுதார். அண்ணன் நிஜமாகவே விட்டுவிட்டார். ஏழு மாதம். உடம்பு தேறி, முகத்தில் களை வந்தது. திருவிழா முடிந்த ஒரு ராத்திரி பழைய கூட்டாளிகளோடு மறுபடி உட்கார்ந்தார். "ஒரே ஒரு தடவை" என்று பழைய அளவையே போட்டார்.

கூட இருந்தவர்கள் அவர் பலமாகக் குறட்டை விட்டதைக் கேட்டிருக்கிறார்கள். நல்லாத் தூங்கறான் என்று விட்டுவிட்டார்கள். ஒருத்தன் 108-க்குப் போன் பண்ணலாம் என்று சொல்லியிருக்கிறான். "போலீஸ் கேஸ் ஆயிடும்டா" என்று மற்றவர்கள் தடுத்துவிட்டார்கள். விடிந்தபோது உதடு நீலமாக இருந்தது.

ஊரில் ஹார்ட் அட்டாக் என்று சொன்னோம். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களும் அதையே சொல்லித் துக்கம் விசாரித்தார்கள். பெரியம்மா எல்லோர் முன்னாலும் எழுந்து, "இனிமே ஹார்ட் அட்டாக்னு யாரும் சொல்லாதீங்க. என்னா நடந்துச்சோ அதைச் சொல்லுங்க. இன்னொரு வீட்டுப் புள்ளையாவது பொழைக்கட்டும்" என்றார். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

செய்முறை: அந்த ஐந்து நிமிடம்

மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் நாலைந்து நிமிடம் தாண்டினால் சேதம் ஆரம்பித்துவிடும். அதனால் இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாளங்கள்: தோளைப் பிடித்து உலுக்கினாலும், கத்திக் கூப்பிட்டாலும், நெஞ்செலும்பில் முட்டியால் அழுத்தித் தேய்த்தாலும் எழ மாட்டார். மூச்சு மிக மெதுவாக அல்லது விட்டு விட்டு வரும். நல்ல நிலையில் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். கொறகொறவென்று சத்தம் வரும், அது குறட்டை அல்ல. கண்ணின் பாப்பா ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கும். உதடும் நகமும் நீலம் பாயும்.

செய்ய வேண்டியவை:

1. உடனே 108. "மூச்சு இல்லை" என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள். பிறகு இடம்.

2. மூச்சு நின்றிருந்தாலோ, அரிதாக வந்தாலோ மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, ஐந்து வினாடிக்கு ஒரு தடவை வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். நாடியும் இல்லை என்றால் நெஞ்சை அழுத்த வேண்டும். என்.எஸ்.எஸ்., ரெட் கிராஸ் முகாமில் கற்ற பயிற்சி இதற்குத்தான்.

3. மூச்சு ஒழுங்காக வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாந்தி எடுத்தாலும் மூச்சுக்குழலில் போகாது.

4. என்ன எடுத்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காலி அட்டை கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

5. ஆள் வரும்வரை தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது.

செய்யக் கூடாதவை: மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். எழுப்பி நடக்கவைக்காதீர்கள். "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று போர்த்திவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் நாலாக்ஸோன் என்ற முறிவு மருந்து ஊசியாக உண்டு. ஓபியாய்டு உட்கார்ந்த இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டு, இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சைத் திருப்பித் தரும். ஆனால் அதன் வேகம் ஒரு மணி நேரம் போல்தான் நிற்கும். அதற்குப் பிறகு மறுபடி மூச்சு குறையலாம். எனவே "தெளிஞ்சிட்டேன், வீட்டுக்குப் போறேன்" என்று எழுந்தாலும் அனுப்பக் கூடாது. அமெரிக்காவில் 2023 முதல் மூக்கில் அடிக்கும் நாலாக்ஸோன் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கிறது. அங்கே இந்த வகைச் சாவுகள் எல்லாம் சேர்ந்து 2024-ல் சுமார் 80,000 ஆகக் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

அலகு 5: இழந்தவர்கள் பேசியதால்

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 2001-ல் தொடங்கியது ஆகஸ்ட் 31 என்ற நினைவு நாள். அளவு மீறிய போதையால் பிள்ளையை, கணவனை, தங்கையை இழந்தவர்கள் வெட்கப்படாமல் பேர் சொல்லி அழுவதற்கு ஒரு நாள். இப்போது பல நாடுகளில் நடக்கிறது. அமெரிக்காவில் ஃபென்டனிலுக்கு என்றே ஆகஸ்ட் 21-ஐப் பெற்றோர்கள் 2022-ல் ஏற்படுத்தினார்கள்.

இதற்கெல்லாம் முன்னாலேயே நம்ம தமிழ்நாட்டில் ஒரு பெண்மணி இதைச் செய்தார். சென்னையின் டி.டி.கே. குடும்பத்து மருமகள் சாந்தி ரங்கநாதன். கணவர் ரங்கநாதன் மதுப்பழக்கத்தால் இளம் வயதிலேயே இறந்தார். செல்வாக்குள்ள குடும்பம். மூடி மறைத்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் மறைக்கவில்லை. அமெரிக்கா போய்ப் பயிற்சி பெற்று வந்து, 1980-ல் கணவர் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை மூலம் சிகிச்சை மையம் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று ஊர் அறிந்தது அதுதான். குடிப்பவனைத் திட்டித் திருத்தலாம் என்று நாடே நினைத்த காலத்தில், "இது நோய், இதற்கு சிகிச்சை உண்டு, வீட்டாருக்கும் சேர்த்து சிகிச்சை வேண்டும்" என்று சொன்னவர். மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் நடத்தியது அந்த மருத்துவமனை. 1992-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. அதைவிடப் பெரியது, அங்கே வந்து வீடு திரும்பிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள்.

எங்க பெரியம்மா சாந்தி ரங்கநாதன் பேரைக் கேள்விப்பட்டவர் இல்லை. ஆனால் இருவரும் கண்டுகொண்ட விஷயம் ஒன்றுதான். மறைப்பதால் மானம் நிற்கலாம், அடுத்த உயிர் நிற்காது.

நாம் என்ன செய்யலாம்?

நண்பன் ஒருத்தன் இதில் மாட்டியிருந்தால் கூட்டத்தில் கேவலப்படுத்த வேண்டாம். தனியாக உட்கார்ந்து பேசுங்கள். பழக்கத்துக்கு ஆளானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், சொந்த உபயோகம், சிறிய அளவு போன்ற குற்றங்களில் வழக்கிலிருந்து பாதுகாப்பு தருவதற்கு போதைப்பொருள் சட்டத்திலேயே 64-ஏ என்ற பிரிவு இருக்கிறது. விற்பவனுக்கு அது பொருந்தாது. வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டுமே இலவச அழைப்பு. விற்பவனைப் பற்றித் தகவல் சொல்ல 10581.

ஹாஸ்டல், டிபார்ட்மெண்ட் நோட்டீஸ் போர்டுகளில் மேலே உள்ள "செய்முறை" பகுதியை ஒட்டி வைக்க மாணவர் பேரவை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வருடத்துக்கு ஒரு முதலுதவிப் பயிற்சியும் வேண்டும். ஜூன் 26 போதை ஒழிப்பு நாளில் ஊர்வலம் போய், கோஷம் போட்டு, போட்டோ எடுப்பதோடு நின்றுவிடாமல், மூச்சு கொடுக்கத் தெரிந்த பத்துப் பேரை நம்ம காலேஜ் உருவாக்கினால் அது போதும்.

நினைவில் நிற்க இரண்டு மதிப்பெண் வினாக்கள்

ஒரே அட்டையில் ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அடுத்தவருக்கு ஆபத்து. ஏன்?
கள்ள மாத்திரையில் கலவை சீராக இருக்காது.

விட்டவர் மறுபடி எடுப்பது ஏன் அதிக ஆபத்து?
உடம்பின் டாலரன்ஸ் இறங்கிவிட்டது, பழைய அளவு இறங்கவில்லை.

எழுப்ப முடியாத குறட்டை எதற்கு அறிகுறி?
மூச்சு நிற்கப் போவதற்கு.

போலீஸ் கேஸ் ஆகுமே என்று தோன்றினால்?
108-க்குப் போன் செய்துவிட்டு, மூச்சு கொடுத்துக்கொண்டே யோசிக்கவும்.

நண்பர்களே, விடை தெரிந்துவிட்டது. யாருக்கும் இந்தத் தேர்வு வரவேண்டாம். வந்தால் யாரும் தவறவிட வேண்டாம்.



– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவர்